ஆன்லைன்ல இன்ட்ரோ சைக்காலஜி எடுக்கப் போறீங்களா? வாரா வாரம் என்ன வேலை இருக்கும்னு சொல்றேன்

ஒருத்தங்க கேட்ட கேள்வி சுருக்கமா இதுதான்: நியூ ஜெர்சில இருக்காங்க, நர்சிங் படிக்க ஆசை, அதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய பாடங்கள்ல ஒண்ணு ஜெனரல் சைக்காலஜி (இன்ட்ரோ சைக்காலஜியும் இதேதான்), அதை கம்யூனிட்டி காலேஜ்ல (ரெண்டு வருஷப் படிப்பு இருக்குற உள்ளூர் காலேஜ்) ஆன்லைன்ல எடுக்கப் போறாங்க, ரெண்டு சின்னப் பசங்க, பார்ட் டைம் வேலை, நவம்பர் நடுவுல பத்து நாள் மதுரைக்கு வேற போகணும். "ஆன்லைன் தானே, ஈஸின்னு எல்லாரும் சொல்றாங்க, உண்மையா என்ன எதிர்பார்ப்பாங்க?"ன்னு கேட்டிருக்காங்க.

நான் அமெரிக்காவுல ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல இந்தப் பாடத்தை ஆன்லைன்ல பல செமஸ்டரா சொல்லிக்குடுத்துட்டு வரேன். இதுல ஃபெயில் ஆகுறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் பாடம் புரியாம இல்லைங்க. முதல் மூணு வாரத்துல நேரத்தைத் தப்பா கணக்குப் போட்டுட்டு, அப்புறம் துரத்திப் பிடிக்க முடியாமத்தான் விட்டுடுறாங்க. அதனால முதல்ல நேரக் கணக்கைச் சொல்லிடறேன்.

இது மூணு க்ரெடிட் கோர்ஸ். அமெரிக்கால ஒரு க்ரெடிட்னா வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிளாஸ், அதுக்கு மேல ரெண்டு மணி நேரம் சொந்தமா படிக்கிறதுன்னு பொதுவான கணக்கு. அப்ப மூணு க்ரெடிட்டுக்கு வாரம் ஒம்போது மணி நேரம், பதினஞ்சு வாரம். ஆன்லைன்ல கிளாஸ் ரூம் கிடையாதுன்னு அந்த மூணு மணி நேரம் காணாமப் போயிடாது, வீடியோ பாக்குறது, டிஸ்கஷன் (கிளாஸோட சேர்ந்து எழுத்துல விவாதிக்கிறது) எழுதுறதுன்னு வேற உருவத்துல வந்து நிக்கும். அதே கோர்ஸை எட்டு வாரத்துல முடிக்கிற செக்ஷனும் (தனி பேட்ச்) இருக்கும், சீக்கிரம் முடியுதேன்னு ஆசையா இருக்கும், ஆனா மொத்த வேலை குறையாது, வாரத்துக்கு பதினாறு பதினேழு மணி நேரம் ஆகும். ரெண்டு பசங்களோட, வேலையோட, நடுவுல ஊர்ப் பயணத்தோட எட்டு வாரம் வேணாம்ங்க, தயவுசெஞ்சு பதினஞ்சு வாரமே எடுங்க.

அடுத்து "அசிங்க்ரனஸ்"ங்கற வார்த்தை. ஒரு குறிப்பிட்ட நேரத்துல லாகின் பண்ணி உக்காரத் தேவையில்லை, அவ்ளோதான் அதுக்கு அர்த்தம். எப்ப வேணா முடிச்சுக்கலாம்னு அர்த்தம் இல்ல. ஒவ்வொரு வாரமும் தேதி இருக்கும், பெரும்பாலும் புதன் இல்லன்னா வியாழன் ராத்திரி ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ராத்திரி 11:59க்கு மீதி எல்லாம். கடைசில மொத்தமா உக்காந்து முடிச்சுடலாம்னு நினைச்சா, பல கோர்ஸ்ல பழைய வாரத்து க்விஸ் பூட்டியே இருக்கும், டிஸ்கஷனும் மூடியிருக்கும்.

முதல் வாரம் ரொம்ப முக்கியம், நிறைய பேர் இதை சாதாரணமா எடுத்துக்கறாங்க. சும்மா லாகின் பண்ணிப் பாத்தா நீங்க கிளாசுக்கு வந்ததா கணக்கு இல்ல. ஃபெடரல் ஃபைனான்ஷியல் எய்டு (மத்திய அரசோட படிப்பு உதவிப் பணம்) விதியே அப்படித்தான் சொல்லுது, ஏதாவது ஒண்ணு சப்மிட் பண்ணணும், க்விஸ் எழுதணும், டிஸ்கஷன்ல பாடம் பத்திப் பேசணும், அப்பதான் படிப்புல கலந்துகிட்டதா அர்த்தம். அதனாலதான் முதல் வாரத்துல சிலபஸ் க்விஸ்னு ஒண்ணு வெப்பாங்க. அதைக்கூட செய்யலைன்னா "நோ ஷோ"ன்னு போட்டு பேரை எடுத்துடுற காலேஜ் நிறைய இருக்கு. சிலபஸை பிரிண்ட் எடுத்து வெச்சுக்கிட்டு லேட்டானா எத்தனை மார்க் குறைப்பாங்க, எதுக்கு எத்தனை சதவீதம், டிராப் பண்ண கடைசி நாள் எது, டபிள்யூ (பாதில விலகினதுக்கு மார்க் ஷீட்ல விழுற குறி) வாங்கிட்டு வெளிய வர கடைசி நாள் எதுங்கறதை மட்டும் பேனால வட்டம் போட்டு வைங்க. நர்சிங்க்கு ப்ரீ-ரெக்னா (முன்னாடியே முடிக்க வேண்டிய பாடம்) குறைஞ்சது சி வேணும்னு பல இடத்துல கேப்பாங்க, அதுக்கு மேல எதிர்பார்க்குற ப்ரோக்ராமும் உண்டு, உங்க காலேஜ் அட்வைசர் கிட்ட ஒருதடவை உறுதிப்படுத்திக்கோங்க.

புத்தகம் பத்தி. நிறைய கம்யூனிட்டி காலேஜ்ல இப்ப ஓப்பன்ஸ்டாக்ஸ் சைக்காலஜி இரண்டாம் பதிப்புதான் வெச்சிருக்காங்க, ரைஸ் யூனிவர்சிட்டி 2020ல வெளியிட்டது, பதினாறு அத்தியாயம், ஆன்லைன்ல முழுசா இலவசம். ஆனா சில டீச்சர்ஸ் பியர்சன், மெக்ரா ஹில் மாதிரி கம்பெனியோட ஆக்சஸ் கோடு (அவங்க சைட்டுக்குள்ள போக ஒரு தடவை மட்டும் உபயோகப்படுற நம்பர்) கேப்பாங்க, ஹோம்வொர்க்கே அந்த சைட்லதான் நடக்கும். செகண்ட் ஹேண்ட் புக் மலிவா கிடைக்குதுன்னு வாங்கிட்டா அதுல கோடு ஏற்கனவே உபயோகப்படுத்தினதா இருக்கும், திரும்பவும் காசு கட்டணும். சில காலேஜ்ல ஃபீஸோடவே புக் பணத்தையும் சேர்த்து பிடிச்சுடறாங்க. அதனால சிலபஸ் திறக்குற வரைக்கும் ஒரு டாலரும் செலவு பண்ணாதீங்க.

இப்ப பாடத்துக்கு வரேன். இந்தக் கிளாசுக்கு வர்றவங்க பாதிப்பேர் மனசை எப்படிப் படிக்கிறது, டிப்ரஷன் எப்படி சரி பண்றது, மாமியாரை எப்படிச் சமாளிக்கிறதுன்னு எதிர்பார்த்து வருவாங்க. மனநோய் பத்தின அத்தியாயமும் சிகிச்சை பத்தின அத்தியாயமும் ஓப்பன்ஸ்டாக்ஸ்ல கடைசி ரெண்டு. அதுக்கு முன்னாடி ரிசர்ச் மெத்தட்ஸ், மூளையும் நரம்பும், தூக்கம், புலன்கள், கற்றல், ஞாபகம், குழந்தைப் பருவத்துல இருந்து முதுமை வரைக்கும் வளர்ச்சி, சமூக உளவியல்னு வரிசையா இருக்கும். 1879ல ஜெர்மனில லைப்சிக்ல வுண்ட்ங்கறவர் சைக்காலஜிக்குன்னு லேப் ஆரம்பிச்சதுல இருந்து இது தன்னை சயின்ஸ்னு சொல்லிக்குற துறை, கிளாஸும் அப்படித்தான் நடக்கும். "நீங்க சொல்றது எப்படித் தெரியும்?"னு ஒவ்வொரு பக்கத்துலயும் கேக்கும்.

ரெண்டாவது அத்தியாயத்துலயே நிறைய பேர் சறுக்குறாங்க. கோரிலேஷன் (ரெண்டு விஷயம் சேர்ந்து மாறுறது), காஸேஷன் (ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம் ஆகுறது), இன்டிபென்டென்ட் வேரியபிள் (ஆய்வாளர் மாத்துறது), டிபென்டென்ட் வேரியபிள் (அதனால என்ன மாறுதுன்னு அளக்குறது), ரேண்டம் அசைன்மென்ட் (யார் எந்தக் குழுன்னு குலுக்கல் மாதிரி பிரிக்கிறது). இது சலிப்பா இருக்குன்னு தாண்டிப் போனா பன்னெண்டாவது அத்தியாயத்துல மில்கிரம் எக்ஸ்பெரிமென்ட் வரும்போது கதை மட்டும்தான் ஞாபகம் இருக்கும், கேள்விக்குப் பதில் தெரியாது. ஒரு அதிகாரி சொன்னா சாதாரண ஆளுங்க இன்னொருத்தருக்குக் கூடிக்கிட்டே போற ஷாக் குடுப்பாங்களான்னு பாத்தவர் மில்கிரம். 1963ல அவர் வெளியிட்ட முதல் ஆய்வுல நாப்பது பேர்ல இருபத்தாறு பேர் கடைசி சுவிட்சான 450 வோல்ட் வரைக்கும் போனாங்க, நிஜத்துல யாருக்கும் ஷாக் போகலை. எக்ஸாம்ல அந்த எண்ணை மட்டும் கேக்க மாட்டாங்க, "அதிகாரி பக்கத்து ரூமுக்குப் போயி போன்ல ஆர்டர் குடுத்தா எண்ணிக்கை என்ன ஆகும், ஏன், இங்க மாத்தின வேரியபிள் எது?"ன்னு கேப்பாங்க. அதே மாதிரி, 2015ல ஒரு பெரிய குழு நூறு ஆய்வுகளைத் திரும்பச் செஞ்சு பாத்ததுல ஏறக்குறைய மூணுல ஒண்ணுதான் பழைய முடிவைத் திரும்பக் காட்டுச்சு, அதையும் இந்தக் கிளாஸ்லயே படிப்பீங்க. ஒரு துறை தன் தப்பைத் தானே பாடத்துல வைக்குதேங்கறது எனக்கு இந்த சப்ஜெக்ட் மேல இன்னும் மரியாதையைக் கூட்டுச்சு.

நமக்குப் பெருமையா ஒரு இடமும் வரும். பேன்டம் லிம்ப்னு ஒண்ணு, கை போன பிறகும் அந்தக் கை இருக்குற மாதிரியும் வலிக்குற மாதிரியும் தோணும். ஒரு பெட்டிக்குள்ள கண்ணாடியை நிறுத்தி, நல்லா இருக்குற கையோட பிம்பத்தைப் போன கை இருந்த இடத்துல தெரிய வெச்சு, இறுகிப் போன அந்த இல்லாத கையை "திறக்க" வெச்சவர் மூளை விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். மூளை அத்தியாயத்துக்கு அவரை எடுத்துக்காட்டா வெச்சு டிஸ்கஷன் எழுதுங்க, நர்சிங் போறவங்களுக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கும்.

டிஸ்கஷன்னு சொன்னேன்ல, அதுதான் வாராந்திர வேலைல கண்ணுக்குத் தெரியாம மார்க்கைத் தின்னுற இடம். டீச்சர் ஒரு கேள்வி போடுவாங்க, நீங்க இருநூறு முன்னூறு வார்த்தைல முதல் போஸ்ட் வாரத்து நடுவுல போடணும், அப்புறம் ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு பேருக்குப் பதில் எழுதணும். "சூப்பரா எழுதியிருக்கீங்க, நானும் ஒத்துக்கறேன்" மாதிரி பதிலுக்கு மார்க் கிடையாது. கற்றல் அத்தியாயத்துக்கு ஒருத்தங்க எனக்கு எழுதினது, "பாவ்லோவ் நாய் மணி சத்தத்துக்கு எச்சில் விட்டுச்சு, நாமளும் வாழ்க்கைல நிறைய பழக்கத்தைக் கத்துக்கறோம்". இதுல தப்பு எதுவும் இல்லை, ஆனா ஒண்ணுமே சொல்லலை. இன்னொருத்தங்க எழுதினாங்க, அவங்க வீட்டுல குக்கர் விசில் அடிச்சதும் பையனுக்கு வாயில எச்சில் ஊறுதாம், சாப்பாடுதான் அன்கண்டிஷன்ட் ஸ்டிமுலஸ் (கத்துக்காமலே எச்சில் ஊற வைக்கிறது), விசில் கண்டிஷன்ட் ஸ்டிமுலஸ் (பழகினதால ஊற வைக்கிறது), ஒரு மாசம் பருப்பு வேகுறதுக்கு மட்டும் விசில் அடிச்சு சாப்பாடு உடனே வராம இருந்தப்ப அவன் கண்டுக்காம விட்டுட்டான், அது எக்ஸ்டிங்ஷன், அப்புறம் ஒருநாள் திடீர்னு திரும்ப ஆரம்பிச்சது ஸ்பான்டேனியஸ் ரிக்கவரி. நாலு வார்த்தையையும் சரியான இடத்துல பொருத்திட்டாங்க, முழு மார்க். உங்க வீட்டுக்குள்ள இருந்தே எடுத்துக்காட்டு எடுங்க, இங்கிலீஷ் கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் பரவாயில்லை.

க்விஸும் எக்ஸாமும் பெரும்பாலும் மல்டிபிள் சாய்ஸ்தான், டைமர் ஓடும். புத்தகத்தைத் திறந்து வெச்சுக்கலாம்னு சொல்ற டீச்சரும் உண்டு, ஆனா நிமிஷத்துக்கு ஒரு கேள்வி வீதம் போனா தேடிக் கண்டுபிடிக்க நேரமே இருக்காது. அதோட டெஃபினிஷன் கேக்க மாட்டாங்க. ஒரு உதாரணம் சொல்றேன், வருஷா வருஷம் பாதி கிளாஸ் தப்பா போடுற கேள்வி. கார்ல பெல்ட் போடலைன்னா டிங் டிங்னு கத்திக்கிட்டே இருக்கும், எரிச்சல்ல பெல்ட் போட்டதும் நின்னுடும், அடுத்த தடவை நீங்க ஏறின உடனே பெல்ட் போடுறீங்க, இது என்ன? நிறைய பேர் பனிஷ்மென்ட்னு போடுவாங்க. அது இல்லை, நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். நெகட்டிவ்னா இங்க "கெட்டது" இல்ல, ஏதோ ஒண்ணு எடுக்கப்படுதுன்னு அர்த்தம், ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னா அந்தச் செயல் கூடுதுன்னு அர்த்தம். சத்தம் எடுக்கப்பட்டுச்சு, பெல்ட் போடுறது கூடிச்சு. சாதாரண இங்கிலீஷ்ல ஒரு அர்த்தமும் இந்தப் பாடத்துல வேற அர்த்தமும் இருக்குற வார்த்தைங்க இப்படி நிறைய, அதுங்களுக்குன்னு தனி நோட்டே போடலாம்.

சில கோர்ஸ்ல எக்ஸாமுக்கு லாக்டவுன் பிரவுசர் (எக்ஸாம் தவிர வேற எதையும் திறக்க விடாத சாஃப்ட்வேர்), வெப்கேம் எல்லாம் கேப்பாங்க, ரூமை சுத்திக் காட்டச் சொல்லுவாங்க. ஆபீஸ் லேப்டாப்ல அதை இன்ஸ்டால் பண்ண விடாது, போன்ல எழுத முடியாது. முன்கூட்டியே பிராக்டிஸ் க்விஸ் இருந்தா கட்டாயம் போட்டுப் பாருங்க. எக்ஸாம் நேரத்துல பசங்க ரூமுக்குள்ள ஓடி வந்தா சிஸ்டம் அதை ஃப்ளாக் பண்ணும், டீச்சர் பின்னாடி வீடியோ பாத்துட்டு விட்டுடுவாங்கதான், ஆனா உங்களுக்குப் பதட்டம், அதனால அவங்க தூங்கின பிறகு எழுதுங்க.

ஒரு பேப்பரும் எதிர்பாருங்க, மூணுலேர்ந்து அஞ்சு பக்கம், பெரும்பாலும் ஒரு ஜர்னல் ஆர்ட்டிக்கிளைப் படிச்சு சுருக்கி எழுதுறது. ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) ஏழாவது பதிப்பு முறைல, அதாவது மேற்கோளும் ரெஃபரன்ஸும் அவங்க சொல்ற மாதிரி, இருக்கணும். கூகுள்ல தேடாம காலேஜ் லைப்ரரியோட டேட்டாபேஸ்ல பியர் ரிவ்யூடுன்னு (மத்த நிபுணர்கள் சரிபாத்த கட்டுரை) டிக் பண்ணித் தேடுங்க, லைப்ரேரியன் கிட்ட சாட்ல கேட்டா அஞ்சு நிமிஷத்துல எடுத்துத் தருவாங்க. சாட்ஜிபிடி வெச்சு எழுதலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க. சிலபஸ்ல என்ன எழுதியிருக்கோ அதுதான் சட்டம், ஆனா நான் நேர்ல பாத்ததைச் சொல்றேன், அது குடுத்த ரெஃபரன்ஸை அப்படியே போட்டவங்க சிலர், தேடிப் பாத்தா அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. அங்க பேச்சு மார்க்கைப் பத்தி இல்லாம நேர்மையைப் பத்தி ஆயிடும், நர்சிங் போறவங்களுக்கு அந்த ரெக்கார்டு பெரிய சுமை. உங்க உடைஞ்ச இங்கிலீஷை ரைட்டிங் சென்டர்ல காமிச்சு சரிபண்ணிக்கோங்க, அது இலவசம், ஆன்லைன்லயும் உண்டு.

யூனிவர்சிட்டில எடுத்தீங்கன்னா ரிசர்ச்ல பங்கெடுக்கணும்னு சில மணி நேரம் கேப்பாங்க, அங்க நடக்குற ஆய்வுகள்ல நீங்க ஒரு பார்ட்டிசிபன்ட். பிடிக்கலைன்னா அதுக்குப் பதிலா வேற வேலை குடுத்தே ஆகணும், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கம்யூனிட்டி காலேஜ்ல பெரும்பாலும் இது இருக்காது.

இப்ப நான் ரொம்ப ஆசையோட சொல்ல வர்ற விஷயம். ஞாபகம் பத்தின அத்தியாயம் எட்டாவதா வருது, அதாவது அரை செமஸ்டர் போன பிறகு. எப்படிப் படிச்சா நிக்கும்னு இந்த சயின்ஸ் கண்டுபிடிச்சது எல்லாம் அங்க இருக்கு, ஆனா நம்ம பசங்க அதுக்குள்ள மிட்டர்ம்ல வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பாங்க. அதை முதல் வாரமே படிச்சுடுங்க.

2006ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு பேர் செஞ்ச ஆய்வு ஒண்ணு இருக்கு. மாணவர்கள் ரெண்டு சின்னப் பத்தி படிச்சாங்க. ஒரு பத்தியைத் திரும்பவும் படிச்சாங்க, இன்னொரு பத்திக்குப் பேப்பரை மூடிட்டு ஞாபகம் இருக்குறதை எழுதிப் பாத்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா திரும்பப் படிச்ச பத்திதான் கொஞ்சம் மேல, 81 சதவீதம், எழுதிப் பாத்தது 75. ஒரு வாரம் கழிச்சு வெச்சா அப்படியே தலைகீழ், திரும்பப் படிச்சது 42, எழுதிப் பாத்தது 56. இதுல கவனிக்க வேண்டியது அந்த அஞ்சு நிமிஷம். திரும்பத் திரும்பப் படிக்கும்போது "எல்லாம் தெரியுது"ன்னு தோணுது பாருங்க, அந்த உணர்வு உண்மைதான், ஆனா அது ஒரு வாரம் தாங்காது, எக்ஸாம் ஒரு வாரம் கழிச்சுதான் வருது.

என் கிளாஸ்ல ஒருத்தங்க இருந்தாங்க, நைட் ஷிஃப்ட்ல நர்சிங் ஹோம் வேலை, புத்தகம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர், ஒரு பக்கத்துல மஞ்சள் இல்லாத வரியே இருக்காது, முதல் எக்ஸாம்ல 61. ஆபீஸ் அவர்ஸ்ல (மாணவர்கள் கேள்வி கேக்க டீச்சர் ஒதுக்குற நேரம்) ஜூம்ல வந்து அழுதாங்க, நாலு தடவை படிச்சேன்னு சொன்னாங்க, படிச்சதும் நிஜம். நான் ஹைலைட்டரை டிராயர்ல போடச் சொன்னேன். ஒரு செக்ஷன் படிக்கணும், புக்கை மூடணும், வெத்துப் பேப்பர்ல தெரிஞ்சதை எழுதணும், திறந்து விட்டதை வேற கலர்ல எழுதணும். ரெண்டு நாள் கழிச்சு திரும்ப வெத்துப் பேப்பர். ஷிஃப்ட் பிரேக்ல, ஆர்டர் ஷீட் பின்பக்கம்கூட எழுதியிருக்காங்க. அடுத்த எக்ஸாம்ல 78, கடைசில பி வாங்கினாங்க. படிச்ச நேரம் கூடலை, குறைஞ்சுதுன்னே சொன்னாங்க.

உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு. ராத்திரி ஊருக்கு அம்மாகிட்ட போன்ல பேசுவீங்கல்ல, அன்னைக்குப் படிச்ச ஒரு விஷயத்தைத் தமிழ்ல அவங்களுக்குச் சொல்லுங்க. தமிழ்ல சொல்ல முடியலைன்னா இங்கிலீஷ் வார்த்தையை மனப்பாடம் பண்ணியிருக்கீங்க, விஷயம் இன்னும் உள்ள போகலைன்னு அங்கேயே தெரிஞ்சுடும்.

கடைசி ரெண்டு அத்தியாயம் பத்தி ஒரு வார்த்தை. மனநோய் பத்திப் படிக்கும்போது ஒவ்வொண்ணும் நமக்கு இருக்குற மாதிரி, வீட்டுல யாருக்கோ இருக்குற மாதிரி தோணும், எல்லாருக்கும் தோணும். டிஸ்கஷன்ல குடும்பத்துல நடந்ததை எழுதணும்னு கட்டாயம் இல்லை, முப்பது பேர் படிக்கிற இடம் அது. டீச்சர் உங்க தெரபிஸ்ட் இல்ல, சில விஷயங்களை எழுதினா மேல ரிப்போர்ட் பண்ணியாகணும்ங்கற கடமையும் பல காலேஜ்ல எங்களுக்கு இருக்கு. படிக்கும்போது மனசு ரொம்பக் கலங்கிச்சுன்னா காலேஜ் கவுன்சலிங் சென்டருக்குப் போங்க, அவசரம்னா அமெரிக்கால எந்த இடத்துல இருந்தும் மனநெருக்கடி உதவி எண் 988க்கு கால் பண்ணலாம், மெசேஜும் அனுப்பலாம்.

இப்ப உங்க மதுரைப் பயணம். நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை இங்க கடிகாரம் மாறிடும். அதுக்கு அப்புறம் நியூ ஜெர்சி ஞாயிறு ராத்திரி 11:59னா மதுரைல திங்கள் காலைல 10:29. கேன்வஸ்ல (கிளாஸ் நடக்குற வெப்சைட்) உங்க செட்டிங்ஸ்ல டைம் ஜோனை மாத்திட்டா தேதி எல்லாம் இந்திய நேரத்துல காட்டும், மாத்தினதை மறந்துட்டுத் திரும்பி வந்த பிறகு குழம்பாதீங்க. ஊர்ல கல்யாணம், கோயில்னு போனா ஞாயித்துக்கிழமை உக்காந்து எழுத முடியாது, அந்த வாரத்துப் போஸ்டை வியாழன் வெள்ளிலயே போட்டுடுங்க. முக்கியமா, அந்தப் பத்து நாளுக்குள்ள வெப்கேம் வெச்ச எக்ஸாம் வருதான்னு இப்பவே சிலபஸ்ல பாருங்க. வந்தா முதல் ரெண்டு வாரத்துக்குள்ள டீச்சருக்கு மெயில் போடுங்க, முன்கூட்டியே எழுதிக்க அனுமதி கேளுங்க. செப்டம்பர்ல கேட்டா பெரும்பாலானவங்க ஏற்பாடு பண்ணித் தருவாங்க, ஏர்போர்ட்ல இருந்து கேட்டா எங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. சப்ஜெக்ட் லைன்ல செக்ஷன் நம்பரையும் போற வர்ற தேதியையும் போடுங்க, ஏன்னா ஒரே டீச்சர் நாலஞ்சு செக்ஷன் எடுப்பாங்க, நம்பர் இல்லாம வந்த மெயிலுக்கு முதல்ல நீங்க எந்தக் கிளாஸ்னு தேடுறதுலயே ரெண்டு நாள் போயிடும்.